ஆமி விடப்போற காணிக்கு முதல்ல பைலைக் கட்டுங்கோ

வடக்கில ஆமி பிடிச்சு வைச்சிருக்கிற எங்கட காணியை விடப்போறாங்களாம் எண்டு கதை வந்த உடன எல்லாரும் காம்ப் கேட்டடிக்கு ஓடுறம், ஆனா கையில காணித் துண்டு வைச்சிருக்கிறது பத்துப் பேரில ரெண்டு பேர்தான். எங்கட வீட்டையும் அந்தக் கதைதான், அம்மான்ர பெமிட், அதாவது அரசகாணிக்குக் குடுத்த அனுமதிப்பத்திரம், 2009ல இடம்பெயர்ந்து ஓடேக்க சொப்பிங் பாக்கோட போட்டுது. பிறகு ஒரு ஒபிசுக்கு நாலுதரம் ஏறி இறங்கினம், நாலுதரமும் நாளைக்கு வாங்கோ. அதில படிச்சதைத்தான் எழுதுறன்.

முதல்ல உங்கட காணி எந்த வகை எண்டு பாருங்கோ. உறுதிக்காணி எண்டா காணிப் பதிவகத்தில பதிவு இருக்கும், காசு கட்டிப் பிரதி எடுக்கலாம். வன்னியில கனபேருக்கு 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி குடுத்த பெமிட், இல்லாட்டி அளிப்புப் பத்திரம்தான். அது துலைஞ்சிருந்தா பொலிசில ஒரு என்ட்றி போட்டுட்டு பிரதேச செயலகத்தில காணி லெட்ஜரைப் (பதிவுப் புத்தகத்தை) பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, பெமிட் எடுத்த ஆளின்ர பேரும் அவருக்குப் பிறகு காணி சேரவேண்டிய பின்னுரித்தாளியின்ர பேரும் அதில இருக்கவேணும். லெட்ஜரும் இல்லையெண்டு சொன்னா பழைய வாக்காளர் இடாப்பு, பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரத்தில இருக்கிற விலாசம், பள்ளிக்கூடப் பதிவு, கோயில் திருவிழாப் போட்டோ, எது கிடைச்சாலும் சேருங்கோ. பக்கத்துக் காணிக்காரரிட்ட எல்லையைக் கேட்டு எழுதி கையெழுத்தும் வாங்குங்கோ. வயசான ஆக்களிட்ட இப்பவே கேளுங்கோ, ஆலமரத்துக்கு கிழக்கால கிணறு எண்டு சொல்லத் தெரிஞ்ச ஆக்கள் குறைஞ்சுகொண்டே போகினம்.

அடுத்தது தகவல் அறியும் உரிமை. 2016ம் ஆண்டு 12ம் இலக்கச் சட்டம், தமிழிலயே எழுதிக் குடுக்கலாம், ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாளுக்குள்ள பதில் வரவேணும், வராட்டி மேன்முறையீடு, அதுக்கும் சரிவராட்டி ஆணைக்குழு. கேள்வியை மட்டும் சின்னனாக் கேளுங்கோ. "எங்கட காணி எப்ப விடுவியள்" எண்டு கேட்டா பரிசீலனையில இருக்கு எண்டுதான் வரும். இன்ன கிராம சேவகர் பிரிவில எத்தினை ஏக்கர் இப்ப ஆற்ற பொறுப்பில இருக்கு, சுவீகரிப்புக்கு, அதாவது அரசாங்கம் காணியை எடுக்கிறதுக்கு, சட்டத்தில எந்தப் பிரிவில எந்தத் திகதியில நோட்டிஸ் போட்டது எண்டு கேளுங்கோ.

நோட்டிஸ் விசயம் முக்கியம். 1950ம் ஆண்டு காணி சுவீகரிப்புச் சட்டத்தில 2ம் பிரிவு நோட்டிஸ் ஒட்டினா அளக்க வரப்போகினம் எண்டுதான் அர்த்தம், காணி போட்டுது எண்டில்லை. 4ம் பிரிவு நோட்டிசுக்குத்தான் எதிர்ப்பு எழுதிக் குடுக்கிறது, அந்த நாளைத் தவறவிடாதேங்கோ. வர்த்தமானியையும் ஆரும் ஒரு பெடியன் பாத்துக்கொண்டிருக்கவேணும். 2025 மார்ச் 28ல வடக்கில 5,940 ஏக்கருக்கு, முல்லைத்தீவு கிளிநொச்சியும் சேத்து, மூண்டு மாசத்துக்குள்ள உரிமை கோராட்டி அரசகாணி எண்டு வந்துது, உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் அதை நிப்பாட்டினது.

மாற்றுக்காணி தாறம் எண்டா அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதேங்கோ. முல்லைத்தீவு கேப்பாப்பிலவு ஆக்களை 2012ல மெனிக்பாம் முகாமில இருந்து ஏத்திக்கொண்டுவந்து விட்டது "மாதிரிக் கிராமம்" எண்டு கட்டின வேற இடத்தில, சொந்த ஊரில ஆமி. போடத்தான் வேணுமெண்டா "சொந்தக் காணி உரிமையை விட்டுக்குடுக்கேல்ல" எண்டு கையால எழுதிப்போட்டு ஒரு கொப்பி வைச்சிருங்கோ.

இன்னொண்டு, படை போனாப்போல காணி உங்கட கைக்கு வருமெண்டு இல்லை. பியூட்டோ ரிக்கோவில வியேக்கெஸ் எண்டொரு தீவு, அமெரிக்க நேவி குண்டுபோட்டுப் பழகின இடம், சனம் போராடி 2003ல நேவி போச்சுது, ஆனா காணியில பெரும்பங்கை வனவிலங்குத் திணைக்களம் எடுத்துக்கொண்டுது. கேக்க எங்கட ஊர்க்கதை மாதிரி இல்லையா? இஞ்சயும் வனவளத் திணைக்களத்தின்ர எல்லைக் கல்லு நட்டிருக்கோ எண்டு பாருங்கோ. ஜப்பானில ஒக்கினாவாவில இருக்கிற அமெரிக்கப் படையின்ர புட்டென்மா தளத்தைத் திருப்பித் தாறம் எண்டு சொன்னது 1996ல, இன்னும் குடுக்கேல்ல. அதால திகதி, ஏக்கர், ஆற்ற பேருக்கு, மூண்டையும் எழுத்தில கேளுங்கோ.

போராட்டம் தேவையில்லை எண்டு நான் சொல்லேல்ல. கேப்பாப்பிலவில பிலக்குடியிருப்புச் சனம் 2017ல ஒரு மாசம் றோட்டில கிடந்துதான் உள்ளுக்குப் போனது. நேவி இருந்த இரணைதீவில இருந்து 1992ல வெளிக்கிட்ட சனம் ஒரு வருசம் கிட்டக் குந்தியிருந்து பாத்திட்டு, 2018 ஏப்ரல் 23ல வெள்ளைக்கொடி கட்டி வள்ளத்தில தாங்களே போய் இறங்கினவை. போராட்டப் பந்தலுக்க ஒரு ஆள் பைலோட இருக்கட்டும், அவ்வளவுதான்.

காணிக்க கால் வைச்ச அண்டே நாலு மூலையையும் கிணத்தையும் உடைஞ்ச சுவரையும் திகதியோட போட்டோ எடுங்கோ. கண்ணிவெடி எடுத்து முடிஞ்சுது எண்டு கடிதம் வாங்காம பத்தை வெட்டவோ குப்பை கொளுத்தவோ வேண்டாம், ஏதும் இரும்பு கண்டா தொடாம விதானையாருக்கு (கிராம சேவகருக்கு) சொல்லுங்கோ. கிணத்தை ரெண்டுதரம் இறைச்சுப்போட்டுத்தான் தண்ணி அள்ளுங்கோ.