வெய்ஸ்ட் ஹார்னஸா, சீட் ஹார்னஸா: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய காற்றாடி (கைட்) இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்குவது கைட்சர்ஃபிங். இதில் கைட்டின் இழுவையைத் தாங்குவது கைகள் அல்ல, உடம்பில் கட்டும் ஹார்னஸின் முன்னால் இருக்கும் கொக்கி. இடுப்பைச் சுற்றி மட்டும் கட்டுவது வெய்ஸ்ட் ஹார்னஸ். தொடைகளுக்கும் வார் வைத்து, கால்சட்டை போல அணிவது சீட் ஹார்னஸ். கொக்கி உடம்பில் எந்த உயரத்தில் நிற்கப் போகிறது என்று பார்க்காமல் வாங்குவதால்தான் பெரும்பாலானோர் தவறான ஹார்னஸோடு வீடு திரும்புகிறார்கள்.

சீட் ஹார்னஸ் புதியவர்களுக்கு, வெய்ஸ்ட் ஹார்னஸ் தேர்ந்தவர்களுக்கு என்று பிரிப்பது பாதி உண்மைதான். கற்கும் காலத்தில் கைட் பெரும்பாலும் தலைக்கு நேர் மேலே நிற்கும். இழுவையும் மேல்நோக்கியே இருக்கும். அது வெய்ஸ்ட் ஹார்னஸை விலா எலும்பு வரை ஏற்றிவிடும். வலியைவிடப் பெரிய ஆபத்து வேறு: கொக்கி ஏறினால், கைட்டை இயக்கக் கையில் பிடிக்கும் பாரும் அதற்கு மேலே உள்ள டிரிம் வாரும் கைக்கு எட்டாமல் விலகிப்போகும். காற்று வலுக்கும்போது இழுவையைக் குறைக்க வேண்டிய வார் அதுதான். கை நீளம் குறைந்தவர்களுக்கு இது இன்னும் சிக்கல். தொடை வார்கள் இந்த ஏற்றத்தைத் தடுக்கின்றன.

பலகையில் ஏறி ஓட்டப் பழகியதும் கைட் பக்கவாட்டில் தாழ்ந்து பறக்கும். ஹார்னஸும் இடத்திலேயே நிற்கும். அப்போது இடுப்பைத் திருப்பவும், குதிக்கவும், அலையில் ஓட்டவும் வெய்ஸ்ட் ஹார்னஸ் தரும் சுதந்திரம் சீட் ஹார்னஸில் கிடைக்காது. ஆனால் இடுப்பு ஒடுங்காத உடலமைப்பு உள்ளவர்களுக்கும், வயிறு பெரியவர்களுக்கும், குழந்தைகளுக்கும் எவ்வளவு பழகினாலும் வெய்ஸ்ட் ஹார்னஸ் வழுக்கி ஏறலாம். அவர்கள் சீட் ஹார்னஸிலேயே தொடர்வதில் எந்தக் குறைவும் இல்லை. முதுகுவலி உள்ளவர்களில் சிலருக்குத் தாழ்ந்த கொக்கி இதம். சிலருக்கு முதுகை அணைத்துப் பிடிக்கும் கெட்டியான வெய்ஸ்ட் ஹார்னஸ் இதம். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கட்டக் கூடாது.

பேன்ட் அளவை வைத்து வாங்காதீர்கள். வெட்சூட் (குளிர் தாங்க நீரில் அணியும் இறுக்கமான உடை) அணிந்து ஓட்டுவீர்கள் என்றால் அதன் மேலேயே அளவெடுங்கள்: வெய்ஸ்ட் ஹார்னஸுக்குத் தொப்புள் மட்டத்தில், சீட் ஹார்னஸுக்கு இடுப்பின் அகன்ற பகுதியில். இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால் சிறியதையே எடுங்கள். நீரில் நனைந்தால் ஹார்னஸ் தளரும். இறுக்கும்போது முன்பக்க முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் அது பெரிய அளவு, மேற்கொண்டு இறுக்க இடமில்லை. நடுவில் விடும் இடைவெளியை, கொக்கியைத் தாங்கும் குறுக்குப் பட்டையான ஸ்ப்ரெடர் பார் மூட வேண்டும். இருபுற வார்களும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

கடையில் நின்றபடி போட்டுப் பார்த்து முடிவெடுப்பதும் வீண். உறுதியான கயிற்றில் கொக்கியை மாட்டி ஐந்து நிமிடம் தொங்குங்கள். கொக்கி நான்கு விரல் அகலத்துக்கு மேல் ஏறினாலோ, மூச்சை முழுதாக இழுக்க முடியாவிட்டாலோ அது உங்களுக்கானதல்ல.

சரியான ஹார்னஸும் தப்பாகக் கட்டினால் ஏறும். வெய்ஸ்ட் ஹார்னஸை இடுப்பெலும்புக்கு மேலே வைத்து, உள்பட்டையை முதலில் இறுக்கி, பிறகு ஸ்ப்ரெடர் பாரின் கீழ் வார்களையும் கடைசியாக மேல் வார்களையும் இழுங்கள். சீட் ஹார்னஸில் உராய்வுக்குப் பயந்து தொடை வார்களைத் தளர்த்தி விடுகிறார்கள். அப்படி விட்டால் அதுவும் ஏறத்தான் செய்யும். முழங்காலைச் சற்று மடக்கி நின்று, உள்ளங்கை நுழையும் அளவு மட்டும் இடம் விட்டு இறுக்குங்கள். உராய்வைத் தடுக்க உள்ளே நியோப்ரீன் கால்சட்டை போதும். எந்த வகையானாலும் நீரில் இறங்கிச் சில நிமிடங்கள் கழித்து மறுபடி இறுக்க வேண்டும்.

விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் ஓட்டுவது) ஹார்னஸைக் கொண்டு சமாளிக்க வேண்டாம். பலவற்றில் பாதுகாப்பு லீஷை (கைட்டை ஓட்டுபவரோடு இணைக்கும் கயிறு) மாட்ட இடமே இருக்காது. இடுப்புக்குக் கீழே நீளும் மிதவை அங்கியும் ஹார்னஸை மேலே தள்ளும். கைட்டுக்கென்று குட்டையாக வெட்டிய அங்கியையே வாங்குங்கள். முழு உடையும் அணிந்த பின், கண்ணை மூடிக்கொண்டு லீஷின் விடுவிப்பானை ஒரே கையால் தொட முடிகிறதா என்று பாருங்கள். முதலில் இடக்கை, பிறகு வலக்கை.