பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டு ஒரு திசு ஸ்லைடைப் படிப்பது எப்படி

திசுவியல் ஆய்வகத்தில் மாணவர்களோடு உட்காரத் தொடங்கி 18 வருடங்கள் ஆகின்றன. முதல் வகுப்பில் பெரும்பாலோர் மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடை வைத்த கையோடு, 40 மடங்கு பெரிதாக்கும் 40 எக்ஸ் லென்ஸைத் திருப்பிவிடுவார்கள். தெரிவதெல்லாம் இளஞ்சிவப்புப் பரப்பும் ஊதாப் புள்ளிகளும்தான். "எல்லாமே ஒரே மாதிரி இருக்கு" என்று நிமிர்வார்கள். செரிமான மண்டலம், சுவாச மண்டலம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். லென்ஸுக்கு அடியில் மண்டலம் எதுவும் தெரியாது. திசுதான் தெரியும். அங்கிருந்துதான் மேலே ஏற வேண்டும்.

முதலில் ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெறும் கண்ணால் பாருங்கள். குழாய் போல வளையமாக இருக்கிறதா, நடுவில் ஓட்டையே இல்லாத கெட்டித் துண்டா, ஒரு பக்கம் மட்டும் அடர்நிறமா? பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். திசுவை மூடியிருக்கும் மெல்லிய கவர் கிளாஸ் மேலே இருக்கும்படி வைத்து, 4 எக்ஸ் லென்ஸில் முழுத் துண்டையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நீங்கள் ஸ்லைடை வலப்பக்கம் தள்ளினால் படம் இடப்பக்கம் போகும். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். 40 எக்ஸில் எவ்வளவு திருப்பினாலும் தெளிவு வராவிட்டால், பெரும்பாலும் ஸ்லைடு தலைகீழாக இருக்கும்.

நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான ஸ்லைடில் இரண்டு சாயங்கள். ஹீமடாக்சிலின் உட்கருவை நீல ஊதாவாக்கும். இயோசின் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தையும் கொல்லாஜன் இழைகளையும் இளஞ்சிவப்பாக்கும். உயிருள்ள உடலில் இந்த நிறங்கள் இல்லை. கொழுப்புச் செல்கள் வெள்ளை ஓட்டைகளாகத் தெரிவதும் இப்படித்தான்: தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன, ஓரச் சுவர் மட்டும் மிஞ்சுகிறது. வெள்ளையாக இருப்பதெல்லாம் காலி இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அளவு தெரிய வேண்டுமானால் அருகில் ஒரு சிவப்பணுவைத் தேடுங்கள். அதன் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். ஸ்லைடுக்குள்ளேயே கிடைக்கும் அளவுகோல் அது.

சரி, இப்போது முதல் கேள்வி: உண்மையான காலி இடம் எங்கே? குழாயின் உள்வெளி, உறுப்பின் வெளி விளிம்பு, சுரப்பியின் நடுத் துவாரம் எதுவானாலும் சரி. அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் செல்களின் வரிசைதான் எபிதீலியம். செல்கள் நெருக்கியடித்து நிற்கும், நடுவில் இரத்தக் குழாய் இருக்காது. அதற்கு அடியில் செல்கள் விலகி, இழைகளும் இரத்தக் குழாய்களும் தெரிந்தால் அது இணைப்புத் திசு. இந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பழகுவதற்கு நான் எப்போதும் கொடுப்பது சிறுகுடல் ஸ்லைடு. எபிதீலியம், இணைப்புத் திசு, தசை, நரம்பு என்ற நான்கு அடிப்படைத் திசுக்களும் ஒரே துண்டில் கிடைக்கும். உள்வெளியிலிருந்து வெளியே நடந்து பாருங்கள். ஓரத்தில் ஒற்றை வரிசையில் உயரமான தூண் செல்கள், நடுநடுவே வெளிறிய கோப்பைச் செல்கள். கோப்பைக்குள் இருக்கும் சளி இந்தச் சாயத்தை ஏற்பதில்லை. விரல் போல நீட்டிக்கொண்டிருப்பவை குடலுறிஞ்சிகள். ஸ்லைடுக்காகத் திசுவைச் சீவிய கத்தி அவற்றைக் குறுக்கே வெட்டியிருந்தால் தனித் தீவுகளாக மிதக்கும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஒரே சோதனை போதும்: வட்டத்தின் வெளிப்புறம் எபிதீலியம் இருந்தால் அது குடலுறிஞ்சி. எபிதீலியம் உட்பக்கமாகச் சூழ்ந்து நடுவில் சிறு துவாரம் இருந்தால் அது அடியிலுள்ள குழிச்சுரப்பி. அந்தக் குழிகளில்தான் புதுச் செல்கள் பிறந்து மேலேறுகின்றன. ஏறத்தாழ 3 முதல் 5 நாளில் இந்த உறையே புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. நீங்கள் பார்ப்பது ஓடிக்கொண்டிருந்த ஒரு வரிசையின் ஒரு கணம்.

அப்புறம் தளர்வான இணைப்புத் திசு, அதைத் தாண்டி இரண்டு தசை அடுக்குகள். உள் அடுக்கு குழாயைச் சுற்றி ஓடுகிறது, வெளி அடுக்கு நீளவாக்கில் ஓடுகிறது. குழாயைக் குறுக்கே வெட்டிய துண்டில் உள் அடுக்கின் உட்கருக்கள் நீண்ட கம்பிகளாகத் தெரியும், வெளி அடுக்கில் புள்ளிகளாகத் தெரியும். இரண்டும் ஒரே வகைச் செல்தான், கத்தி போன திசை வேறு.

தேர்வில் மதிப்பெண் அதிகம் போகும் இடத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒன்றை மற்றொன்றாக நினைக்க வைக்கும் இளஞ்சிவப்பு இழைகள் மூன்று உண்டு: மென்தசை (குடல் சுவரில் பார்த்த அந்தத் தசை), தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், நரம்பு. மாணவப் பருவத்தில் நானும் தசைநாணை மென்தசை என்று எழுதியிருக்கிறேன். அதன்பின் உட்கருவை மட்டும் கேட்கப் பழகினேன். மென்தசையில் உட்கரு இளஞ்சிவப்புக்குள்ளேயே, செல்லின் நடுவில் நீளமாகக் கிடக்கும். தசைநாணில் உட்கருக்கள் குறைவு, நசுங்கி மெலிந்து, இழைகளுக்கு இடையில் வரிசையாக நிற்கும். நரம்பு அலையலையாக நெளிந்து ஓடும், நுரைத்தது போல வெளிறியிருக்கும், சுற்றிலும் ஓர் உறை இருக்கும். எலும்புத் தசை என்றால் உட்கருக்கள் பல, எல்லாம் இழையின் ஓரத்தில். குறுக்குவரி தெரியவில்லையா? ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் துவாரத்தைக் கொஞ்சம் மூடுங்கள், எழுந்து வரும். இதயத்தசையிலும் வரி உண்டு, ஆனால் இழை கிளைவிடும், உட்கரு நடுவில் இருக்கும்.

இங்கிருந்து உறுப்புக்கும் மண்டலத்துக்கும் ஏறுவது எளிது, ஏனென்றால் எபிதீலியமே வேலையைச் சொல்லிவிடும். பல அடுக்குத் தட்டைச் செல்கள் என்றால் உராய்வு உள்ள இடம்: தோல், உணவுக்குழாய். உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் இந்த அடுக்கு சட்டென்று நின்று ஒற்றைத் தூண் வரிசை தொடங்கும். அந்தக் கோட்டை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். குறு இழைகள் கொண்ட செல்களும் அடியில் குருத்தெலும்பும் சேர்ந்து வந்தால் மூச்சுக்குழாய். நுரையீரலின் காற்றறைகளில் சுவர் இருக்கிறதா என்றே தேட வேண்டியிருக்கும்; ஆக்சிஜன் கடக்க அவ்வளவு மெல்லிசாக இருந்தாக வேண்டும். சிறுநீர்ப்பையில் மேல்வரிசைச் செல்கள் குவிந்து நிற்கும், பை நிரம்பும்போது தட்டையாகும்.

மண்டலங்களைத் தனித்தனிப் பெட்டிகளாக எண்ணுபவர்களுக்குக் கணையத்தைக் காட்டுவேன். பெரும்பகுதி அடர்நிறச் சுரப்பிக் கொத்துகள். அவற்றின் நொதிகள் நாளம் வழியே குடலுக்குப் போகின்றன, அது செரிமான மண்டலம். நடுவில் வெளிறிய தீவுகள். 1869-ல் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்தவை இவை. இன்சுலினை நேரே இரத்தத்தில் விடுகின்றன, அது நாளமில்லாச் சுரப்பி மண்டலம். ஒரே துண்டு, இரண்டு மண்டலம். பிரெஞ்சு உடற்கூறியலாளர் சேவியர் பிஷா 1801-ல் 21 வகைத் திசுக்களைப் பட்டியலிட்டார், அதுவும் மைக்ரோஸ்கோப் இல்லாமல், வேகவைத்தும் உலர்த்தியும் அமிலத்தில் ஊறவைத்தும். உறுப்புக்கு உறுப்பு ஒரே திசு திரும்பத் திரும்ப வருகிறது என்று அவர் கண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

பயிற்சிக்கு ஒரு வாரம் போதும். நாளுக்கு இரண்டு ஸ்லைடு, பெயர்ச்சீட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதம். பென்சிலால் 4 எக்ஸ் படத்தை வரைந்து, காலி இடம், எபிதீலியம், இணைப்புத் திசு, தசை என்று குறித்து, கடைசியில் உறுப்பின் பெயரை ஊகித்து எழுதுங்கள். காகிதத்தை எடுத்துப் பார்த்து, தவறென்றால் எந்த அடையாளத்தை விட்டீர்கள் என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். போனில் படம் எடுத்து வைப்பது இதற்கு ஈடாகாது. வரையும்போதுதான் கண் நிற்கும்.

நான்காவது திசுவைக் குறிக்க மறந்துவிட்டீர்களா? சிறுகுடல் ஸ்லைடுக்குத் திரும்புங்கள். இரண்டு தசை அடுக்குகளுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில், 10 எக்ஸில் மெதுவாக நகருங்கள். வெளிறிய சிறு கொத்து ஒன்று தட்டுப்படும். 40 எக்ஸுக்கு மாறினால் பெரிய செல்கள், உருண்டையான வெளிர் உட்கரு, அதன் நடுவில் கண்மணி போல ஒரு கரும்புள்ளி. குடலை நெளிய வைக்கும் நரம்பு செல்கள் அவைதான்.