உயிலில் எது கட்டாயம், எது உங்கள் விருப்பம்

சட்டத்தில் 'வேண்டும்' என்று வருவதும் 'செய்யலாம்' என்று வருவதும் ஒன்றல்ல. முதலாவதைத் தவறவிட்டால் ஆவணமே செல்லாமல் போகலாம். இரண்டாவதை விட்டுவிட்டால் குடி முழுகிவிடாது. உயில் எழுதும்போது பலர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். முத்திரைத்தாளுக்கு அலைவார்கள், சாட்சி விஷயத்தில் கோட்டை விடுவார்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையே இல்லை, வெற்றுத்தாள் போதும். கையால் எழுதலாம், டைப் அடிக்கலாம். பதிவும் கட்டாயமில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அதை எழுதுபவரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

கட்டாயம் எதுவென்றால், 18 வயது நிரம்பித் தெளிந்த மனநிலையில் எழுதுவது. அதோடு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்லும் முறை. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இது பொருந்தும். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம்: கடனும் இறுதிச் செலவும் போக மிஞ்சும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

கையெழுத்துப் போடும் நாளில் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு சாட்சிகளையும் ஒன்றாக உட்கார வையுங்கள். எழுதுபவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், கடைசியில் வாசகம் முடியும் இடத்திலும் கையெழுத்திடட்டும், கைநாட்டும் செல்லும். (பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து சட்டம் கேட்பதல்ல, தாளை மாற்றிவிடாமல் இருக்கத்தான்.) அதை இரு சாட்சிகளும் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அவர் கண்முன்னே அவர்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சி வருவதற்குள் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? "இது நான் போட்ட கையெழுத்து" என்று அவரே சாட்சியிடம் நேரில் சொன்னால் போதும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் தாளைச் சாட்சியின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கி வந்தால், அந்த இடத்திலேயே உயில் விழுந்துவிடும்.

இன்னொரு பொதுவான பிழை, பத்திரம் எழுதுபவரையும் சாட்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்வது. 'எழுதியவர்' என்று அவர் போடும் கையெழுத்தைச் சாட்சிக் கையெழுத்தாக நம்பிவிடாதீர்கள். அவரைத் தவிர இருவர் இருக்கட்டும்.

சாட்சிகள் உயிலின் வாசகத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை. உயில் எழுதி வைப்பவரைவிட வயதில் சிறியவர்களாக, உள்ளூரிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள். நாளை வழக்கு வந்தால் குறைந்தது ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். அது சாட்சியச் சட்டத்தின் கட்டாயம். எண்பது வயதுக்காரருக்கு அவர் வயதொத்த நண்பர்கள் இருவர் சாட்சி போட்டால், தேவைப்படும் நாளில் யாரும் இல்லாமல் போகலாம். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக்க வேண்டாம். கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. இந்துக்களுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும் சந்தேகத்துக்கு அது வாசல் திறந்துவிடும். பெரும்பங்கு பெறுகிறவரே முன்னின்று உயிலைத் தயாரித்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும். 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது.

சொத்து விவரத்தில் 'என் வீடு' என்று மட்டும் எழுதாமல் கிராமம், சர்வே எண், கதவு எண், பரப்பு, நான்கு எல்லை எல்லாம் இருக்கட்டும். கூட்டுக்குடும்பச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும்.

கையெழுத்தான பிறகு பேனாவால் அடித்துத் திருத்தினால் அந்தத் திருத்தம் செல்லாது. ஓரத்தில் நீங்களும் சாட்சிகளும் மறுபடி கையெழுத்திட வேண்டும். அதைவிடப் புதிதாக எழுதி, தேதி போட்டு, 'முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன்' என்று ஒரு வரி சேர்ப்பதே நல்லது. முந்தைய உயில் பதிவானதாக இருந்தாலும், வெற்றுத்தாளில் இரு சாட்சியோடு முறையாக எழுதிய புதிய உயில் அதை மாற்றிவிடும்.