பெரிய பகா எண்கள்: சறுக்கும் இடங்கள்

2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். இதை ‘உலகின் மிகப் பெரிய பகா எண்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒன்று இருக்கவே முடியாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் என்றோ நிறுவிவிட்டார். இது நாம் அறிந்தவற்றில் பெரியது, அவ்வளவுதான். இதைவிடச் சிறியவற்றிலேயே இன்னும் யார் கண்ணிலும் படாத பகா எண்கள் எண்ணி மாளாது.

யூக்ளிட்டின் நிரூபணத்தையும் பலர் தவறாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் எப்போதும் பகா எண்ணே கிடைக்கும் என்றில்லை. 2×3×5×7×11×13 + 1 = 30031; அது 59×509. பெருக்கிய எண்களில் இல்லாத ஒரு பகாக் காரணி அதற்கு உண்டு என்பது மட்டுமே நிரூபணம் சொல்வது.

இனி வருவதில் பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென்னே சறுக்கியிருக்கிறார். 2-ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால் வருபவை அவர் பெயரால் மெர்சென் எண்கள். அடுக்கு 2, 3, 5, 7 என்றால் 3, 7, 31, 127 என்று வரிசையாகப் பகா எண்கள் வருகின்றன. உடனே, அடுக்கு பகா எண்ணானால் விடையும் பகா எண்தான் என்று நம்பத் தோன்றும். 2¹¹ − 1 = 2047 = 23×89. விடை பகா எண்ணாக வேண்டுமானால் அடுக்கு பகா எண்ணாக இருந்தாக வேண்டும், மறுதலை செல்லாது. பகா எண் தரும் அடுக்குகள் என்று 1644-இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 67 என்ற அடுக்கும் இருந்தது. 2⁶⁷ − 1 பகு எண் என்று 1876-இல் கணித அறிஞர் லூக்கா காட்டினார், ஒரு காரணியைக்கூடச் சொல்லாமல்! காரணிகளைத் தந்தவர் கோல், 1903-இல்: 193707721 × 761838257287. ஆகவே ‘பகு எண் என்றால் காரணியைக் காட்டு’ என்று கேட்பதும் பிழைதான்.

காரணி தேடாமல் எப்படிச் சோதிப்பது? 127-ஐ எடுத்துக்கொள்வோம். 4-இல் தொடங்கி, வர்க்கம் கண்டு, 2 கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 4, 14, 67, 42, 111, 0. அடுக்கு 7, அதைவிட இரண்டு குறைவாக ஐந்து படிகள், கடைசியில் பூஜ்யம். எனவே பகா எண். 2047-க்கு இதே கணக்கை ஒன்பது படிகள் போட்டால் 1736-இல் வந்து நிற்கும். லூக்கா–லேமர் சோதனை இவ்வளவுதான். ஆனால் இது மெர்சென் எண்களுக்கே உரியது. மற்ற எண்களில் போட்டுப் பார்ப்பது வீண்வேலை.

ஃபெர்மா சோதனை என்று ஒன்று உண்டு: 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணானாலும், 2-ஐ அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். அதில் தேறியதுமே பகா எண் என்று அறிவித்துவிடவும் கூடாது. 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1; ஆனாலும் 341 = 11×31. 2024-இன் எண்ணும் முதலில் ஃபெர்மா சோதனையில்தான் சிக்கியது. லூக்கா–லேமர் சோதனையில் உறுதியான பிறகே அறிவிப்பு வந்தது.

இந்த எண் வங்கிப் பாதுகாப்புக்கு உதவும் என்ற பேச்சும் அடிபடுகிறது. தகவலைப் பூட்டி அனுப்பும் ஆர்எஸ்ஏ என்ற மறைக்குறியீட்டு முறையில் 2048 பிட் சாவிக்குத் தேவை, 300-க்குச் சற்று மேல் இலக்கங்கள் கொண்ட இரண்டு ரகசியப் பகா எண்கள். உலகமே அறிந்த எண்ணை வைத்து ரகசியம் காக்க முடியாது.