மஞ்சள் காகிதமும் ஓணப் பரீட்சையும்: செய்முறை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கேரளப் பாடத்திட்டம், தமிழில் புத்தகம், கடைவீதியில் பாதி மலையாளம். ஜூனில் பள்ளி திறந்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் முதல் பருவத் தேர்வான ஓணப் பரீட்சை வந்து நிற்கும். "பாடம் முடிக்கவே நேரமில்லை, இதில் செய்முறை வேறா?" என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழாத நாளில்லை. நானும் பேசியவன்தான்.

முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. பாடம் ஒன்று, செய்முறை இன்னொன்று என்று பிரித்துவிடுகிறோம். முதலில் நடத்தி முடிப்போம், நேரம் மிஞ்சினால் செய்துகாட்டுவோம் என்றால் நேரம் ஒருநாளும் மிஞ்சாது. எந்தப் பத்தியைச் செய்முறையே சொல்லிவிடுமோ, அந்தப் பத்தியை வாசித்து விளக்குவதை விட்டுவிடுங்கள். கூடுதல் பீரியட் தேவைப்படாது.

அடுத்தது நானே செய்த தவறு. அமிலம், காரம் பாடம். மஞ்சள்தூளைக் குழைத்துத் தாளில் பூசிக் காயவைத்து, துண்டு துண்டாகக் கொடுத்தேன். சுண்ணாம்புத் தெளிவு பட்டதும் தாள் சிவந்தது. சோப்புத் தண்ணீருக்கும் சிவந்தது. ஒரே கும்மாளம். எலுமிச்சைக்கும் புளித்தண்ணீருக்கும் நிறம் அப்படியே இருந்தது. பரீட்சையில் பாதிப் பேர் "நிறம் மாறாவிட்டால் அமிலம்" என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்கில் கிணற்றுத் தண்ணீரும் அமிலம்தான்! பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அமிலத்துக்கும் நடுநிலைப் பொருளுக்கும் வேறுபாடு காட்டாது. நானோ வெறும் தண்ணீரை வைக்கவே இல்லை.

இப்போது முதல் கிண்ணம் தண்ணீர்தான். கூடவே செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு. எலுமிச்சை விட்டால் நன்றாகச் சிவக்கும், சுண்ணாம்புத் தெளிவுக்குப் பச்சையாகும், தண்ணீருக்கு அப்படியே இருக்கும். மூன்றும் பிரிந்துவிடும். பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்பதை அப்புறம் யோசிக்கலாம். இதைப் பார்த்துவிட்டு எதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பை வகுப்பில் நீற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. முந்தின நாளே நீற்றி, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து வாருங்கள். அதுவும் கண்ணில் படக்கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிட் பக்கமே போக வேண்டாம்.

பத்துப் பேருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தால் ஒருவன் செய்வான், ஒன்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். நான்கு பேர் போதும். "இப்போ சிவக்கும் பாருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் வேண்டாம்; என்ன நடக்கும் என்று அவர்களே எழுதி வைத்துவிட்டுச் செய்யட்டும்.

மணி அடிக்கும்வரை செய்துகொண்டே இருப்பதும் தவறுதான். செய்யும்போது பேச்சு முழுக்க "கலர் மாறிடுச்சு சார்" என்றுதான் இருக்கும். கேள்வித்தாள் அந்தத் தமிழில் கேட்காது. 40 நிமிஷத்தில் கடைசிப் பத்து நிமிஷம், பார்த்ததை அமிலம், காரம், நடுநிலை என்ற சொற்களை வைத்து எழுதவைக்கிறேன். மதிப்பெண் வருவது அந்தப் பத்து நிமிஷத்தால்தான்.

எல்லாவற்றையும் செய்முறையாக்க முயல்வதும் வீண். அமிலம், காரம் காட்டும் லிட்மஸ் சாயம், பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கனிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கு ஒரு சார்ட் பேப்பர், நான்கு ஸ்கெட்ச் பேனா, இரண்டு பீரியட் எதற்கு?

செய்முறை என்றதும் பெட்டி பெட்டியாகக் கருவி வாங்க நினைப்பவர்கள் காலடியைப் பார்க்கலாம். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் தாலுகாவில்தான். அதில் கிடக்கும் சுக்கான்கல் சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும். அதைச் செய்துபார்த்த மறுநாள் ஒரு சிறுமி வீட்டுக் கோலமாவைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாள். எலுமிச்சை விட்டதும் பொங்கியது. "அரிசிமாவுன்னு கடையில கொடுத்தாங்க சார்" என்றாள்.