மீத்திறன் குழந்தைகளைக் கண்டறியும் சோதனைகள்: எங்கே தவறுகிறோம்?

நாலரை வயதுச் சிறுமி; மீத்திறன், அதாவது வயதை மிஞ்சிய அறிவுத்திறன், இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு வந்திருந்தாள். மேசைமேல் நான்கு படங்கள்: பறவை, விமானம், பட்டம், மீன். (சோதனை வினாக்களை வெளியில் சொல்லக் கூடாது என்பதால் படங்களை மாற்றியிருக்கிறேன்.) “இதுல சேராதது எது?” என்று கேட்டேன். சட்டென்று பட்டத்தின் மேல் விரலை வைத்தாள். விடைக்குறிப்பில் இருந்தது மீன். மதிப்பெண் பூஜ்யம். எல்லாம் முடிந்த பிறகு, ஏன் பட்டம் என்று கேட்டேன். “அதுதான் கயித்துல கட்டியிருக்கு. மத்ததெல்லாம் இஷ்டத்துக்குப் போகும்” என்றாள்.

அந்தப் பூஜ்யத்தை நான் மாற்ற முடியாது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதியில் மதிப்பெண் போட்டால்தான் ஒப்பிட முடியும். ஆனால் அறிக்கை கைக்கு வந்ததும் பெற்றோரும் பள்ளியும் அதிலுள்ள ஒற்றை எண்ணுக்கு நேரே போய்விடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

130 என்ற கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.க்யூ. (நுண்ணறிவு ஈவு) சோதனைகளில் சராசரி 100; திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு, 15. 130-ஐத் தாண்டுவோர் நூற்றுக்கு இரண்டு பேர்தான் என்பதால், பல இடங்களில் அதுவே மீத்திறன் வகுப்புக்கான வாசல். ஆனால் எந்தச் சோதனையிலும் அளவீட்டுப் பிழை உண்டு. 127 என்று வந்தால், உண்மையான மதிப்பு ஏறக்குறைய 121-க்கும் 133-க்கும் இடையில் எங்காவது இருக்கலாம் என்றே படிக்க வேண்டும். நல்ல அறிக்கையில் இந்த வீச்சு அச்சாகியிருக்கும். 127 எடுத்த பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு 130 எடுத்த பிள்ளையை உள்ளே அழைப்பதில் எந்த அறிவியலும் இல்லை.

வயது சிறியதாக ஆக இந்த நிச்சயமின்மை கூடும். வெக்ஸ்லர் என்ற உளவியலாளரின் பெயரில் உள்ள மழலையர் ஐ.க்யூ. சோதனையை இரண்டரை வயதிலேயே வைக்கலாம்தான். அதற்காக, அந்த எண் பத்து வயதிலும் அப்படியே நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. நான்கு வயதில் 138, எட்டு வயதில் 124 என்று வந்தால், “பிள்ளைக்கு அறிவு குறைஞ்சிடுச்சா?” என்று கலங்கிப்போய்க் கேட்கிறார்கள். குறையவில்லை. மிக உயர்ந்த மதிப்பெண் மறுமுறை சராசரியை நோக்கிச் சற்று இறங்குவது புள்ளியியலில் எதிர்பார்க்கக்கூடியதே. பசி, தூக்கம், மூக்கடைப்பு, புது முகத்தைக் கண்ட கூச்சம், இவையெல்லாம் நான்கு வயதில் மதிப்பெண்ணாகவே மாறிவிடும்.

மொத்த மதிப்பெண்ணும் ஏமாற்றும். சொல் அறிவில் 140, வேகமாக முடிக்கும் பகுதியில் 92 எடுத்த பிள்ளைக்கு மொத்தம் 120-ஐ ஒட்டி வரலாம். அது அந்தப் பிள்ளையின் எந்தத் திறனையும் சொல்லாத எண். விரல்களுக்கு இன்னும் பென்சில் பழகாததோ, கவனிக்க வேண்டிய கற்றல் சிக்கலோ காரணமாக இருக்கலாம். மீத்திறனும் கற்றல் சிரமமும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருப்பது அபூர்வம் அல்ல. பகுதிவாரி மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்குச் சொற்கள் இல்லாத சோதனை உதவும். ஆனால் வடிவப் புதிரை மட்டும் வைத்தால் மொழியில் சுடர்விடும் குழந்தை தப்பிவிடும்.

என்னை அதிகம் வருத்துவது, யாரைச் சோதனைக்கு அனுப்புகிறோம் என்பது. பொதுவாக ஆசிரியர் பரிந்துரைக்கும் பிள்ளையும், விவரம் தெரிந்த பெற்றோரின் பிள்ளையும்தான் வருகிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் 2005-ல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் முதல்கட்டச் சோதனை வைத்தது. தகுதி வரம்பைத் தளர்த்தாமலேயே ஏழை, கறுப்பின, ஹிஸ்பானிய (லத்தீன் அமெரிக்க வழிவந்த) குழந்தைகள் பலர் தேர்வானார்கள். பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் முன்பும் அதே வகுப்பறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்சி கொடுத்து அனுப்புவது இன்னொரு தவறு. நியூயார்க் நகரம் நான்கு வயதுக் குழந்தைகளைச் சோதித்து இடம் கொடுத்த காலத்தில், அதற்கென்றே தனிப்பயிற்சி நிலையங்கள் முளைத்தன. 2021-ல் அந்த முறையே கைவிடப்பட்டது. முன்பே பழகிய புதிரைப் போடும் குழந்தையிடம் நாம் அளப்பது பழக்கத்தை மட்டுமே. இதே காரணத்தால், மதிப்பெண் பிடிக்கவில்லை என்று சில மாதத்திலேயே அதே சோதனையைத் திரும்ப வைப்பதும் வீண். “ஒரு அக்காகூடப் புதிர் விளையாடப் போறோம்” என்று சொல்லி, சாப்பிடவைத்து அழைத்துவந்தால் போதும்.

1921-ல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவில் மீத்திறன் குழந்தைகளைத் தேடத் தொடங்கினார். வில்லியம் ஷாக்லி என்ற சிறுவன் அந்தச் சோதனையை எழுதியும் தேர்வாகவில்லை; 1956-ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. உயர்ந்த மதிப்பெண் வந்தால் குழந்தையின் அறிவுக்குக் கூடுதல் தீனி தேவை என்று எடுத்துக்கொள்ளலாம். வராவிட்டால் திறமை இல்லை என்று எழுதிவிட முடியாது. ஆசிரியரின் குறிப்பு, குழந்தை வரைந்தவை, வீட்டில் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சிறுமிக்கு 126 வந்தது. அறிக்கையில் அந்த எண்ணுக்குக் கீழே கயிறு பற்றி அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதினேன். மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் அழைத்துவரும்படி அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.