துப்பாக்கி கைக்கு வருமுன் இளம் வேட்டைக்காரருக்குக் கற்பிக்க வேண்டியவை

பினாங்கின் பெருநிலப் பகுதியில், குறிப்பாக நிபோங் திபாலைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில், உரிமம் பெற்றுக் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தங்களையும் அழைத்துப் போகுமாறு அவர்களை நச்சரிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அக்காள் மகனோ அண்ணன் மகனோ அப்படி உங்கள் பின்னால் வரத் தொடங்கினால், முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அவன் கைக்குத் துப்பாக்கி வராது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கி உரிமம் அதில் பெயர் உள்ளவருக்கே உரியது; சற்று நேரம் தூக்கிப் பார்க்கட்டுமே என்று அதைப் பிள்ளையிடம் கொடுப்பது பாசமாகத் தோன்றினாலும் சட்டத்தின் கண்ணில் குற்றம். இது அவன் ஆர்வத்துக்குத் தடை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். பயிற்சிக்கு இதைவிட நல்ல காலம் அமையாது என்பது என் கருத்து, ஏனென்றால் சுட முடியாதவனுக்குப் பார்ப்பதும் கேட்பதும் தவிர வேறு வேலை இல்லை.

சட்டத்தைச் சொற்பொழிவாகச் சொன்னால் பதினைந்து வயதுப் பையன் கேட்கமாட்டான். உங்கள் வேட்டை உரிமத்தை அவனிடமே கொடுத்து, எந்த விலங்கு, எத்தனை, எந்த இடம், எந்தத் தேதி வரை என்பதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கிளம்புமுன் முனியாண்டி கோயிலில் சூடம் ஏற்ற ஒருநாளும் மறக்காதவர்கள்கூட உரிமத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதுண்டு. அதைச் சரிபார்க்கும் பொறுப்பைப் பிள்ளைக்கே கொடுத்துவிட்டால் இருவருக்கும் நல்லது.

அடுத்து, தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளைப் படங்களோடு சேர்த்துப் பார்க்க வைக்க வேண்டும். உரிமம் இருந்தால் வேட்டையாடக்கூடியவை ஒரு பக்கம், எந்நிலையிலும் தொடக்கூடாதவை மறுபக்கம். காட்டுப்பன்றியும் சருகுமானும் முதல் வகை. நம் வீடுகளில் 'எல்லாரும் பிடிப்பதுதானே' என்று சொல்லப்படும் நீர் உடும்பும் உரிமமின்றித் தொடக்கூடாததே. புலி, தாப்பிர், எறும்புத்தின்னி, தேவாங்கு ஆகியவை இரண்டாம் வகை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கடுமையான குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. ஆயினும் தண்டனையை மட்டும் சொல்லி நிறுத்தினால், அகப்படாமல் இருப்பது எப்படி என்பதையே பிள்ளை யோசிப்பான். காரணத்தையும் சொல்லுங்கள். கடமானையும் கேளையாட்டையும் சுடுவதற்கு உரிமம் வழங்குவது ஏன் பல ஆண்டுகளாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அவன் கேட்டால், 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் நம் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பது தெரியவந்ததையும், அவற்றின் இரையே இந்த மான்கள் என்பதையும் எடுத்துச் சொல்லலாம். பூர்வகுடி நண்பர்கள் சில விலங்குகளை உரிமமின்றிப் பிடிப்பதை அவன் பார்த்திருக்கக்கூடும். சொந்த உணவுக்காக, விற்பனைக்கு அல்லாமல், குறிப்பிட்ட சில விலங்குகளுக்கு மட்டும் சட்டம் அவர்களுக்குத் தந்துள்ள விலக்கு அது. உடன் போவதால் நமக்கு அது பொருந்தாது.

இணையத்தில் விற்கப்படும் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டப்படி ஆயுதமே. பக்காக்குக் எனப்படும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் ஆளோடு அவனைப் பழகவே விடாதீர்கள்.

பயிற்சியில் மிகுந்த நேரம் எடுக்க வேண்டியது அடையாளம் காண்பதுதான். ஒரு தொலைநோக்கியைக் கொடுத்து, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் அந்திப் பொழுதில் உட்கார வையுங்கள். பன்றி சேற்றில் புரண்டபின் உடலைத் தேய்த்த மரத்தில் சேறு எந்த உயரம்வரை ஒட்டியிருக்கிறது, உதிர்ந்த செம்பனைப் பழங்களைத் தின்றுபோனது எது, குளம்புத் தடம் நேற்றையதா இன்றையதா என்று கேளுங்கள். கோடுபோட்ட குட்டிகள் பின்தொடரும் தாய்ப்பன்றியை உரிமம் இருந்தாலும் விட்டுவிட வேண்டும் என்பதை அங்கேயே, அது கண்முன் கடந்துபோகும்போதே சொல்ல வேண்டும். புதர் அசையும், அவன் பரபரப்பான்.

"மாமா, அங்க என்னமோ இருக்கு!"

"என்னமோன்னா என்ன தம்பி?"

"சரியா தெரியல."

"தெரியலனா அது ஆளுன்னே வச்சுக்க."

இந்த உரையாடல் அலுக்க அலுக்கத் திரும்ப நடக்க வேண்டும். விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் நகரும் வெளிச்சம், தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போகும் தொழிலாளியுடையது. பாலிக் பூலாவில் டுரியான் காலத்தில், விழுந்த பழங்களைப் பொறுக்க இருட்டிலேயே ஆட்கள் மரத்தடியில் நடமாடுவார்கள். செம்பனை மரங்கள் வரிசையாக நிற்பதால் இடைவெளி நீண்ட நடைகூடம்போல் திறந்து கிடக்கும். விலங்கைத் தவறவிட்ட குண்டு அந்த வழியே ஓடி, மறுமுனையில் குலை வெட்டிக்கொண்டிருப்பவரைச் சென்று சேரக்கூடும். ஆகவே விலங்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை வெறுங்கையோடு இருக்கும்போதே ஏற்படுத்திவிட வேண்டும். தோட்டத்துக்குள் கால் வைக்குமுன் மேலாளரிடம் அனுமதி பெறுவதையும், அன்று எந்தப் பகுதியில் வேலை நடக்கிறது என்று கிராணி எனப்படும் தோட்ட எழுத்தரிடம் கேட்பதையும் அவன் உடன் நின்று பார்க்கட்டும். நிரந்தரக் காப்புக் காடு என்றால் வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். தெலுக் பஹாங்கிலுள்ள பினாங்கு தேசியப் பூங்காவில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

காயம்பட்ட விலங்கைத் தேடிப்போவதை வேட்டையின் சுமையான பகுதி என்று சிலர் தட்டிக்கழிக்கிறார்கள். என் கணக்கில், ஒருவர் வேட்டைக்காரரா இல்லையா என்பது அங்கேதான் தெரியும். சுட்டவுடன் ஓடக்கூடாது, விலங்கு நின்ற இடத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, இரத்தத்தைக் குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் குண்டு நுரையீரலில் பட்டிருக்கிறது, விலங்கு அதிக தூரம் போயிருக்காது. பச்சை கலந்து நாறினால் குடலில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் அது வேதனையோடு வெகுதூரம் ஓடிவிடும், பொறுத்திருந்துதான் தொடர வேண்டும். தூரம் அதிகம், கோணம் சரியில்லை என்று தெரிந்தும் சுட்டதால் வந்த வினை இது என்றால், அதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

2021 முதல் நம் நாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருப்பதால், குடலையும் கழிவையும் காட்டில் எறிந்துவிட்டு வரக்கூடாது. காலணிகளைக் கழுவ வேண்டும். தானாகச் செத்துக்கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

கைப்பேசியைப் பற்றியும் பேசியாக வேண்டும். செத்த விலங்கின்மேல் கால் வைத்துப் படமெடுத்து டிக்டாக்கில் போடுவதை அனுமதிக்காதீர்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று வல்வில் ஓரி புகழப்பட்டான். இன்று அவன் இங்கே இருந்திருந்தால், அந்த ஓர் அம்புக்கே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அவனைக் கொண்டுபோயிருக்கும். பெருமையடிக்கப் போட்ட காணொளியே வழக்கில் சாட்சியாகக்கூடும்.

கடைசியாக, கம்பிக் கண்ணி. அதை வைப்பதும் வேட்டைக்காக வைத்திருப்பதும் குற்றம். பன்றிக்கு வைத்தேன் என்று சொன்னாலும் அதில் மாட்டுவது புலியின் காலாக இருக்கலாம், தாப்பிராக இருக்கலாம். போகும் வழியில் ஒன்றைக் கண்டால், கழற்றி எறிந்துவிட்டுத் தெரியாததுபோல் நடக்காதீர்கள், ஏனென்றால் அதுவே தடயம். படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து பெர்ஹிலித்தானை அழையுங்கள். வைத்தவர் தெரிந்தவராக இருக்கக்கூடும் என்று தோன்றினாலும் பிள்ளையின் முன்னிலையிலேயே அழையுங்கள். இடக்குறிப்பை வாட்சாப்பில் அனுப்பும் வேலையை மட்டும் அவனிடம் விட்டுவிடலாம். அது நம்மைவிட அவனுக்கு நன்றாக வரும்.